பெட்டியின் ஐந்தாவது கோணம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. பட்டாசுப் பெட்டிகளின்மேல் ஏறும் வாசகங்கள், நாட்காட்டித் தாள்கள், குறிப்பேட்டு அட்டைகள் யாவும் எந்திரத்துக்குப் போகுமுன் என் மேசையைக் கடந்தாக வேண்டும். இத்தொழிலுக்குத் தமிழறிவைக் காட்டிலும் ஐயம் மிகுதியாகத் தேவை. பிழை உள்ள வரி தானே கண்ணைக் குத்தும். சரியாக இருப்பதுபோல் தோன்றும் வரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல்லாண்டுகள் இப்படிப் பழகிய கண் மேசையோடு நின்றுவிடுவதில்லை. அது மனிதரையும் அவ்வாறே படிக்கத் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு, தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கையில், எங்கள் அச்சகம் வீட்டு வடிவில் ஒரு பரிசுப் பெட்டியைச் செய்துகொண்டிருந்தது. முன்புறத்தில் ஐந்து மூலைகள்: தரையில் இரண்டு, சுவரும் கூரையும் கூடும் தோள்களில் இரண்டு, உச்சியில் ஒன்று. சிவப்புக் கூரை, மஞ்சள் சுவர், சுவரில் ஒரு சன்னல். உள்ளே மத்தாப்பும் புஸ்வாணமும் அடுக்குவார்கள். அதன் உருவத்தைக் கணினியில் வரைந்தவள், திருத்தங்கலிலிருந்து வந்துபோகும் ஓர் இளம்பெண். என்னை அக்கா என்பாள். அவளுடைய தாய் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வேலைக்கு வேன் ஏறிப் போகிறவர். மகளை அந்த வேனில் ஏறவிடக் கூடாது என்பதற்காகவே கணினிப் படிப்புக்கு அனுப்பியதாக அந்த அம்மா ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை முற்பகலில் முதலாளி வெளியிலிருந்து வேகமாக வந்து, ஒரு பெட்டியை என் மேசைமேல் போட்டார். சிவப்புக் கூரை, மஞ்சள் சுவர், ஒரு சன்னல். ஆனால் எங்கள் பெட்டியைப் போல் ஒன்றரை மடங்கு பெரியது. உச்சியில் கோத்திருந்த கயிற்றைப் பிடித்து இழுத்ததில் கூரையின் மேற்பகுதி கிழிந்து, அந்தத் துண்டு கயிற்றோடு கடையிலேயே தங்கிவிட்டிருந்தது.

"இது என்ன புலவரம்மா? நம்ம வீடு சாத்தூர் ரோட்டுக் கடையில தொங்குது. நம்ம சரக்கு இன்னும் பிரஸ் கேட்டத் தாண்டல."

அச்சகத்தில் டை செய்பவர் எட்டிப் பார்த்தார். அட்டையை உருவத்துக்கு வெட்டும் பலகையைத்தான் டை என்பார்கள். பலகையில் கீறல் போட்டு, எஃகுக் கத்திகளை வளைத்து அதில் பதிப்பது அவர் வேலை. எந்தச் சூட்டிலும் கேலியை அடக்கத் தெரியாதவர்.

"நம்மளது சின்ன வீடுல்லா அண்ணாச்சி, இது பெரிய வீடு. ரெண்டையும் ஒரே எடத்துல வச்சா சண்டதான் வரும்" என்றார்.

எந்திரத்தருகே நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. பெட்டியின் அடியில் இருந்த பெயரைக் காட்டினார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அச்சகத்தின் பெயர் அது.

"கம்ப்யூட்டர்ல இந்த ஃபைலத் தொறக்குறது மூணே பேரு" என்றார். "நான், வரையிற பிள்ள, அப்பறம் நீங்க."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எண்ணிக்கை மட்டுமே சொன்னார். ஆயினும் மூவரில் ஒருவர் என்று எண்ணப்பட்டவுடன், மற்ற ஒருவரை நோக்கி விரல் நீட்டத் தோன்றும் அச்சம் எனக்கும் வந்தது. அதுவரை எனக்குள் மட்டும் வைத்திருந்த இரண்டு செய்திகளைச் சொன்னேன். சில நாள்களுக்கு முன் அந்தப் பெண் கணினித் திரையில் இருந்த பெட்டியைத் தன் அலைபேசியால் படம் எடுத்தாள்; நான் உள்ளே நுழைந்ததும் அலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அதே வாரம், அந்த மற்ற அச்சகத்தின் மேலாளரோடு தேநீர்க் கடை ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். சொன்ன இரண்டும் உண்மை. இரண்டுக்கும் இடையே ஒரு கோடு இழுக்கச் சொல்லி முதலாளியிடம் ஒப்படைத்ததுதான் நான் செய்தது.

அவர் அவளை அறைக்குள் அழைத்தார். இடையில் ஒரு கண்ணாடித் தடுப்புத்தான். பேச்சு முழுதும் கேட்டது.

"போட்டோ எடுத்தியா?"

"எடுத்தேன் அண்ணாச்சி. ஆர்டர் குடுக்குற ஏஜென்டுக்கு அனுப்பணும்னு நீங்கதான சொன்னீக."

"டீக்கடையில யாரு கூட நின்ன?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை இப்போது ஒளிக்காமல் எழுதுகிறேன்.

"வேலைக்கு வாரியான்னு போன சீசன்லயிருந்து கேக்காரு. நான் மாட்டேன்னுட்டேன்."

"சும்மா கேக்கானா? கையில ஏதாவது கொண்டுட்டு வாரியான்னு கேட்டிருப்பான். இது தெளியிற வரைக்கும் வீட்ல இரி."

"சீசன் நேரத்துல வீட்ல இருந்தா ஊரு என்ன சொல்லும் அண்ணாச்சி? களவாணின்னு சொல்லும். பெறகு எந்த பிரஸ்ல என்னைய உள்ள விடுவாக?"

"அத முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

வெளியே வந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். அழவில்லை. என் மேசையைக் கடக்கும்போது நின்றாள். "அக்கா, பென்சில் மத்தாப்பு லேபிள்ல எச்சரிக்கை வாசகம் இன்னும் பாக்காமக் கெடக்கு. இன்னைக்கே அச்சுப் பிளேட்டுக்குப் போகுது, பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். குற்றமுள்ளவள் இவ்வளவு நிதானமாகப் பேசுவாளா என்று ஒருகணம் தோன்றியது. குற்றமுள்ளவள்தான் இவ்வளவு நிதானமாகப் பேசுவாள் என்று மறுகணம் தோன்றியது.

முதலாளி பெட்டியை என்னிடமே விட்டுவைத்தார். "எழுத்தப் பாருங்க. நம்மகிட்டருந்து எடுத்திருந்தா எங்கனயாவது மாட்டும்" என்றார். பார்த்தேன். வாசகங்கள் முற்றிலும் வேறு. சொல்லுக்குச் சொல் தொடர்பில்லை. அதைச் சொன்னபோது, "எழுத்த மாத்திருப்பான். உருவத்தப் பெருசாக்கிட்டா முடிஞ்சது சோலி" என்றார்.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. சனிக்கிழமை இரண்டு பெட்டிகளையும், எங்கள் பெட்டியின் வரைபடத் தாளையும் ஒரு பையில் போட்டு விருதுநகரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்தேன். எங்கள் தெருமுனையில் வற்றல் மிளகாய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி உண்டு. மூட்டை ஏற்றும் நாளெல்லாம் வீட்டுக்குள் தும்மல்தான். தும்மிக்கொண்டே ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, அளவு வேறாயிற்றே, எப்படிப் பொருந்தும்? அப்போதுதான் ஒன்று விளங்கியது. உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் பக்கங்கள்தாம் நீளும், கோணங்கள் மாறா. எங்கள் கோப்பைப் பெரிதாக்கி அந்தப் பெட்டியைச் செய்திருந்தால், மூலைக்கு மூலை அதே பாகை இருந்தாக வேண்டும்.

மகளின் வடிவியல் பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்தேன். எங்கள் தாளில் நான்கு கோணங்கள் எழுதப்பட்டிருந்தன: தரையில் தொண்ணூறும் தொண்ணூறும், தோள்களில் நூற்றிருபதும் நூற்றிருபதும். உச்சியில் எண் இல்லை. நான்கு சரியாக அமைந்தால் ஐந்தாவது தானே அமையும் என்பதால் வரைந்தவள் அதை எழுதுவதில்லை. மற்றப் பெட்டியிலோ உச்சியே இல்லை. ஒன்றில் எழுதாத கோணம், மற்றதில் கிழிந்துபோன கோணம்.

அவர்கள் பெட்டியை நிறுத்திவைத்தபடியே அளந்ததில் தரைமூலையே தொண்ணூற்று மூன்று என்று வந்தது. பெட்டியை ஐயுறுவதா, என் கையை ஐயுறுவதா? அட்டைச் சுவர் உப்பியிருப்பதைக் கண்டு, ஒட்டிய மடிப்புகளைப் பிரித்து, முன்முகத்தை மேசையில் தட்டையாக விரித்து, மேலே ஒரு கனமான அகராதியை வைத்து அழுத்தி மீண்டும் அளந்தேன். தரைமூலைகள் தொண்ணூறு, தொண்ணூறு. தோள்கள் நூற்றிருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து.

ஐந்து பாகைதான் வேறுபாடு. கண்ணுக்குத் தெரியாதது, என் கைநடுக்கமாகவும் இருக்கலாம். உச்சியையும் கண்டுபிடித்தால் ஒரு முடிவுக்கு வரலாம். பள்ளியில் கணக்கு என்றாலே ஒதுங்கியவள் நான். ஒரு முக்கோணத்தின் கோணங்கள் நூற்றெண்பது என்பது மட்டும் நினைவில் இருந்தது. ஐந்து மூலைக்கு ஐந்து நூற்றெண்பது, ஆகத் தொள்ளாயிரம் என்று வைத்துக்கொண்டு, அளந்த நானூற்று முப்பதைக் கழித்தேன். நானூற்றெழுபது வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பின்னாலிருந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "நானூத்தி எழுபதாம்மா? கூர ஒரு முழுச் சுத்துச் சுத்திட்டு வந்து பெறகும் திரும்புதா? மூலைய எண்ணி அதுல ரெண்டக் கழிக்கணும். பெறகுதான் நூத்தெண்பதால பெருக்கணும்."

"ஏன் இரண்டு?"

"ஃபார்முலா அப்படித்தான்."

அப்படித்தான் என்பது எனக்கு விடையாவதில்லை. அவளை நம்பாமல் ஒரு தாளில் வீட்டை வரைந்தேன். இடது தரைமூலையிலிருந்து உச்சிக்கு ஒரு கோடும், வலது தோளுக்கு ஒரு கோடும் இழுத்தேன். வேறு மூலை மிச்சமில்லை. பக்கத்து மூலைகளுக்குப் போகும் கோடுகள் ஏற்கெனவே சுவராகவும் தரையாகவும் நிற்கின்றன. வீடு மூன்று முக்கோணங்களாகப் பிரிந்தது. நாலோ ஐந்தோ அல்ல, மூன்றே. அப்பொழுதும் மனம் ஒப்பவில்லை. ஒரு முக்கோணத்தை வெட்டி, அதன் மூன்று முனைகளையும் கிழித்து அருகருகே ஒட்டி, அவை ஒரு நேர்கோட்டில் அமர்வதைக் கண்ட பின்புதான் ஐந்நூற்று நாற்பது என்ற தொகையை ஏற்றேன். கணக்கில் நான் செய்த பிழை, உள்ளே இருக்கும் முக்கோணங்களை எண்ணாமல் வெளியே தெரியும் மூலைகளை எண்ணியது.

எங்கள் பெட்டி: ஐந்நூற்று நாற்பதில் நானூற்றிருபது போக, உச்சி நூற்றிருபது. அவர்கள் பெட்டி: நானூற்று முப்பது போக, உச்சி நூற்றுப்பத்து. தோளில் ஐந்து ஐந்தாகக் கூடியது உச்சியில் பத்தாகக் குறைந்திருந்தது. அவர்கள் கூரை எங்களுடையதைவிடக் கூர்மையானது. கிழிந்திருந்ததால் எங்கள் கண்ணுக்கு அது படவில்லை.

திங்கட்கிழமை காலையில், முதலாளி வருமுன், டை செய்பவரிடம் போனேன். அளவை நான் தவறாக எடுத்திருக்கக் கூடும் என்ற ஐயம் அப்போதும் இருந்தது. எங்கள் பெட்டியின் தோள் உண்மையிலேயே நூற்றிருபதுதானா என்று கேட்டேன்.

"நம்ம டையில நூத்திருவதத் தவிர வேற சாஞ்ச மூல கெடையாது தாயி" என்றார். "ஆறுமூலைச் சக்கரப் பெட்டிக்குன்னு கத்தி வளைக்க ஒரு கட்ட செஞ்சேன்லா, அதுலதான் எல்லாத்தையும் வளைக்கேன். நட்சத்திரமா இருந்தாலும் சரி, வீடா இருந்தாலும் சரி, எங்கிட்ட வந்தா நூத்திருவதுதான். வேற போட்டா புதுக் கட்ட செய்யணும், ரெண்டு நாள் போயிரும். சீசன்ல எவன் செய்வான்? அதான் அந்தப் பிள்ளைகிட்ட, படத்துல கூர கூரா இருந்தா இருக்கட்டும், நீ நூத்திருவதுல நிறுத்துன்னேன்."

"எந்தப் படத்தில்?"

"ஏஜென்டு அனுப்பின படந்தான். வடக்க ஏதோ மிட்டாய்ப் பெட்டி. அண்ணாச்சிதான் இதப் பாத்துச் செய்யின்னு காட்டுனாக. ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எழுத்தில்லாத எதையும் என்னிடம் யாரும் காட்டுவதில்லை. 'நம்ம வீடு' என்று முதலாளி சொன்ன அந்த வீடு வேறொருவர் வீட்டைப் பார்த்துக் கட்டியது. எங்கள் கோப்பைத் திருடியவனுக்கு மழுங்கிய கூரைதான் கிடைத்திருக்கும். மூலப்படத்தைப் பார்த்தவனுக்கே கூர்மையான கூரை கிடைத்திருக்கும்.

தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். மூன்று முக்கோணங்களையும் காட்டி, தொகையைச் சொல்லி, இரண்டு உச்சிகளையும் அருகருகே எழுதிக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"திருடுறவன் அப்படியேவா வைப்பான்? கொஞ்சம் மாத்திருப்பான்."

"கோணத்தை மாற்றினால் கூரையையும் மடிப்புகளையும் மாற்ற வேண்டுமே அண்ணாச்சி. அத்தனையும் மறுபடி வரைவதற்கு எதற்குத் திருட வேண்டும்? ஏஜென்டிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்."

அவருக்கு என்மேலேயே ஐயம் எழுந்தது அவர் புருவத்தில் தெரிந்தது. வியாழனன்று ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தவள் திங்களன்று அவளுக்காக வாதாடினால் யாருக்குத்தான் எழாது? இருந்தும் அலைபேசியை எடுத்து, ஒலியைத் திறந்துவைத்து, ஏஜென்டை அழைத்தார்.

"ஆமா அண்ணாச்சி, அஞ்சாறு பிரஸ்ஸுக்கு அனுப்பிச்சேன்" என்று அந்தக் குரல் எவ்விதக் கூச்சமும் இல்லாமல் சொன்னது. "யாரு மொதல்ல சாம்பிள் குடுக்காகளோ அவுகளுக்கு ஆர்டர். நீங்க ரெண்டாவது. ஏன், கோவமா?"

அவர் அழைப்பைத் துண்டித்தார். பிறகு, "அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க" என்றார். தாம் அழைப்பதாகச் சொல்லவில்லை.

அன்று மூன்று முறை அழைத்தேன், அவள் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. செவ்வாயும் அப்படியே போயிற்று. புதன்கிழமை, அவள் இரண்டு தெரு தள்ளி அதே அச்சகத்தில் சேர்ந்துவிட்டாள் என்று டை செய்பவர் சொன்னார். "போகாம? களவாணின்னு பேரு வாங்குனபெறகு கூப்பிடுறது அவுக ஒருத்தருதான்" என்றார். இம்முறை அவர் பேச்சில் கேலி இல்லை.

முதலாளிக்கும் செய்தி எட்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டபோது அவர் முகத்தில் ஒருவாரமாகக் காணாத தெளிவு இருந்தது.

"பாத்தீகளா புலவரம்மா? நீங்க முக்கோணமெல்லாம் போட்டுக் காட்டுனீக. ஆளு எங்கன போயி உக்காந்திருக்கு பாருங்க."

"நாம்தானே அண்ணாச்சி போகச் சொன்னோம்?"

"வீட்ல இருக்கச் சொன்னேன். அங்கன போகச் சொல்லல."

தாளை மீண்டும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கணக்குச் சரியாக இருந்தது; ஆனால் இப்போது அவரிடம் அதைவிட வலுவான சான்று இருந்தது. அதை அவருக்கு உண்டாக்கிக் கொடுத்ததில் பாதி நான்.

இரண்டு வாரம் கழித்து, மாலை விருதுநகர்ப் பேருந்தில் அவளைக் கண்டேன். என் பக்கத்து இருக்கை மட்டுமே காலியாக இருந்தது. சற்றுத் தயங்கிவிட்டு வந்து அமர்ந்தாள்.

"நல்லா இருக்கீகளாக்கா?"

அவள் நலம் கேட்டதற்கு விடை சொல்லாமல், நான் மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னேன்: உச்சி நூற்றுப்பத்து வந்தது, கட்டையின் நூற்றிருபது, ஏஜென்டின் படம், முதலாளி வரச் சொன்னது. தோளும் உச்சியும் எங்கே என்று உள்ளங்கையில் விரலால் வரைந்துகாட்டினேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரியாதாக்கா? நான்தான வரைஞ்சேன்" என்றாள். "அந்தப் பெட்டிய மேசையில பாத்தப்பயே தெரிஞ்சுபோச்சு, கூர நம்மளது இல்லன்னு."

"அன்றைக்கே அறையில் சொல்லியிருக்கலாமே?"

"அண்ணாச்சி பெட்டியப் பத்தி எங்க கேட்டாக? டீக்கடையில யாரு கூட நின்னன்னுதான கேட்டாக." சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அத யாரு சொன்னான்னும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்லக்கா நீங்க. எதுத்த மேசதான."

நடத்துநர் வந்தார், அவளுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கப் போனேன். அவள் அதற்குள் தன் சீட்டுக்குரிய சில்லறையை நீட்டிவிட்டாள்.

"புது இடம் எப்படி இருக்கிறது?"

"வேல இருக்கு. வாசல்லயே எம் போன வாங்கி வச்சுக்கிடுறாக. மத்தவுககிட்டல்லாம் வாங்குறதில்ல. நான் வரையிற சிஸ்டத்துக்குப் பக்கத்துல ஒருத்தர் சேரு போட்டு உக்காந்திருக்காரு. அங்கன வேல பாத்த பிள்ள, இங்கனருந்து அங்க எதுவும் அனுப்பிரும்னு." சிரிக்க முயன்றாள். "உங்க பிரஸ்ஸுக்குத்தான்க்கா அனுப்பிருவேனாம்."

திருத்தங்கல் நிறுத்தம் வந்தது. அவள் எழுந்து, நெரிசலில் பையை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். கீழே அவளுடைய தாய் நின்றிருந்தார். பட்டாசாலை வேன் அவரையும் அப்போதுதான் இறக்கிவிட்டிருந்தது போலும், கைகளில் வெடிமருந்தின் வெள்ளிநிறம் கழுவியும் போகாமல் இருந்தது. மகள் ஏதோ சொல்ல, அவர் திரும்பிப் பேருந்தின் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைத் தேடுகிறார் என்று தெரிந்தது. எதற்காகத் தேடுகிறார் என்று தெரியவில்லை. பேருந்து நகரும்வரை நான் முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.